ஜெர்மனி: போர், குடியேற்றம், மின்சாரம் – வாசகர் கேள்வி பதில்

ஜெர்மனியின் வெளிநாட்டு, உள்நாட்டுக் கொள்கை மாற்றங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

உக்ரைன் போர் தொடங்கியதும் ஒரே உரையில் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ என்று அறிவித்தார் சான்சலர் ஷோல்ஸ். ஒரு தலைவர் பேசினாலே அங்கே கொள்கை மாறிவிடுமா?
– வாசகர், மதுரை

மாறாது. அவர் பேசியது 2022 பிப்ரவரி 27 அன்று. அந்தப் பணத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது ஜூன் 3 அன்று. இடைப்பட்ட மூன்று மாதங்களில் நடந்ததுதான் உண்மையான கொள்கை மாற்றம்.

2009-ல் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்திலேயே ஒரு கடன் வரம்பை எழுதி வைத்தது. சாதாரண ஆண்டுகளில் மத்திய அரசின் பற்றாக்குறை, பொருளாதார ஏற்ற இறக்கத்தின் விளைவைக் கழித்த பிறகு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 10,000 கோடி அதற்குள் அடங்காது. ஆகவே அரசியல் சட்டத்தின் 87அ பிரிவில் புதிதாக ஓர் உட்பிரிவைச் சேர்த்து, இந்த ஒரு நிதிக்கு மட்டும் வரம்பு பொருந்தாது என்று எழுத வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கிலும், மாநில அரசுகளின் அவையான புண்டஸ்ராட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஷோல்ஸின் மூன்று கட்சிக் கூட்டணிக்கு அந்தப் பலம் இல்லை. எதிர்க்கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, பணம் முழுவதும் ராணுவத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு கை கொடுத்தது. வேறு பாதுகாப்புச் செலவுகளையும் சேர்க்க நினைத்த பசுமைக் கட்சி விட்டுக்கொடுத்தது.

அதற்குப் பிறகும் பணம் தளவாடமாக மாறிவிடவில்லை. 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ராணுவக் கொள்முதலும் தனிக் கோப்பாக நாடாளுமன்ற வரவுசெலவுக் குழுவுக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும். அதன் பிறகு ஒப்பந்தம், அதன் பிறகு தொழிற்சாலையின் வரிசை. விலைவாசியும் வட்டியும் ஏறியதால், அறிவித்த தொகையில் வாங்க முடிந்தது குறைந்துகொண்டே வந்தது.

2025-ல் இதே பூட்டை மறுபடி திறந்தார்கள். பாதுகாப்புச் செலவில் உற்பத்தியின் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதிக்குக் கடன் வரம்பே இல்லை என்று திருத்தம் வந்தது. கூடவே 50,000 கோடி யூரோ உள்கட்டமைப்பு நிதி. வாக்கெடுப்பு நடந்த நாள் மார்ச் 18. தேர்தல் பிப்ரவரி 23-லேயே முடிந்துவிட்டது. ஆனால் வாக்களித்தது பழைய அவை. புதிய அவையில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி, இடதுசாரிக் கட்சி இரண்டுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடங்கள் இருந்ததால், அங்கே எண்ணிக்கை எளிதில் தேறாது. அது மார்ச் 25-ல்தான் கூடியது. சட்டப்படி சரி என்று நீதிமன்றமும் தடை விதிக்க மறுத்தது. மக்கள் வாக்களித்து முடித்த பிறகு பழைய அவையைக் கொண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தியது நல்ல முன்மாதிரி அல்ல என்பது எங்கள் கருத்து.

ஜெர்மன் ராணுவம் வெளிநாடு செல்ல நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்கிறார்களே, நடைமுறை என்ன?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

1955-ல் உருவான படை அது. “பாதுகாப்புக்காக” என்று அரசியல் சட்டம் சொல்வதால், நேட்டோ எல்லைக்கு வெளியே போகவே முடியாது என்றுதான் பனிப்போர்க் காலம் முழுக்க அரசுகள் சொல்லிவந்தன. 1994 ஜூலை 12 அன்று கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் இதை மாற்றியது: ஐ.நா., நேட்டோ போன்ற கூட்டுப் பாதுகாப்பு அமைப்புகளின் கீழ் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் புண்டஸ்டாக்கின் முன் அனுமதி வேண்டும்.

2005-ல் வந்த தனிச் சட்டம் நடைமுறையை வகுத்தது. அரசு தரும் முன்மொழிவில் ஏழு விவரங்கள் இருந்தாக வேண்டும்: பணி என்ன, எந்தப் பகுதியில், எந்தச் சட்ட அடிப்படையில், அதிகபட்சம் எத்தனை வீரர்கள், என்னென்ன திறன்கள், எவ்வளவு காலம், செலவு எவ்வளவு, எங்கிருந்து. பெரும்பாலும் 12 மாதத்துக்குத்தான் அனுமதி தருவார்கள். அவை முன்மொழிவை ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. கொடுத்த அனுமதியை இடையில் திரும்பப் பெறும் உரிமை உண்டு. சிறிய பணி என்றால், உறுப்பினர்களுக்கு அனுப்பி ஏழு நாளுக்குள் யாரும் விவாதம் கோராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். உயிர்களை மீட்பது போன்ற அவசரத்தில் முதலில் போய்விட்டுப் பிறகு ஒப்புதல் கேட்கலாம்.

இந்த வாக்கெடுப்பு வெறும் சடங்கு அல்ல. 2001 நவம்பர் 16 அன்று ஆப்கானிஸ்தான் நடவடிக்கைக்குத் தன் கூட்டணியிலேயே எதிர்ப்பு எழுந்ததால், சான்சலர் ஷ்ரோடர் அதை நம்பிக்கை வாக்கெடுப்போடு இணைத்தார். தேவை 334, கிடைத்தது 336. 2003-ல் ஈராக் போரில் சேர மறுத்தவரும் அவரே. ஆனால் அந்த நேரத்தில் துருக்கியின் வானில் பறந்த நேட்டோவின் அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களில் ஜெர்மன் வீரர்கள் இருந்தார்கள், அவையின் அனுமதி இல்லாமல். அது தவறு என்று 2008-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது விமானங்கள் திரும்பி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமதமாக வரும் தீர்ப்பு அடுத்த அரசைக் கட்டுப்படுத்தும், நடந்ததை மாற்றாது. இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதுதான்.

அப்படியானால் உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்பவும் அனுமதி தேவையா?
– வாசகர், தஞ்சாவூர்

இல்லை. வீரர்கள் போவதற்குத்தான் அவையின் அனுமதி. ஆயுத ஏற்றுமதி, 1961-ஆம் ஆண்டின் போர்க்கருவிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அரசின் கையில் இருக்கிறது. அதனால்தான் 2022 ஜனவரியில் 5,000 தலைக்கவசங்கள் மட்டும் தருகிறோம் என்ற அரசு, ஒரே மாதத்தில் 1,000 டாங்கி எதிர்ப்பு ஆயுதங்களும் 500 ஸ்டிங்கர் ஏவுகணைகளும் தர முடிந்தது. மறுஏற்றுமதிக்கும் பெர்லினின் சம்மதம் தேவை என்பதால், பழைய கிழக்கு ஜெர்மன் பீரங்கிகளை உக்ரைனுக்குக் கொடுக்க விரும்பிய எஸ்தோனியா முதலில் காத்துக் கிடந்தது. லெபர்ட் 2 டாங்கிகளுக்கு 2023 ஜனவரியில்தான் சம்மதம் கிடைத்தது.

1984-இல் என் பெற்றோர் கிழக்கு பெர்லின் வழியாக வந்து அசூல் (தஞ்சம்) கேட்டவர்கள். அந்தப் பாதை எப்படித் திறந்திருந்தது? யார் மூடினார்கள்?
– வாசகி, டார்ட்முண்ட்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களில் பெரும்பகுதியினர் ஜெர்மனிக்குள் நுழைந்த வழி அது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். கிழக்கு ஜெர்மனி எளிதாக இடைவழி விசா கொடுத்தது. அதன் அரசு விமான நிறுவனத்துக்கு அந்நியச் செலாவணி வருமானம். அங்கிருந்து ஃபிரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து நகர ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மேற்கு பெர்லின். அந்தப் பக்கத்தில் குடிவரவுச் சோதனையே கிடையாது. காரணம் சட்டச் சிக்கல்: பெர்லினுக்குள் ஓடிய கோடு ஒரு நாட்டின் எல்லை என்பதை மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைத்தால் பிரிவினையை அங்கீகரித்ததாகிவிடும். தன் சொந்த அரசியல் நிலைப்பாட்டைக் கைவிடாமல் மேற்கு ஜெர்மனியால் அந்தக் கதவை மூட முடியாது.

ஆகவே மூட வேண்டியது கிழக்குப் பக்கம். தலைநகர் பானிலிருந்த மேற்கு ஜெர்மன் அரசு பேசியது. 1985 ஜூலையில், போகும் நாட்டின் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களை இனி இடைவழியாக விடுவதில்லை என்று கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. மற்ற நாட்டவருக்கும் 1986 அக்டோபர் 1 முதல் அதே விதி. 1986-ல் மேற்கு ஜெர்மனிக்கு வந்த தஞ்சக் கோரிக்கைகள் 99,650, 1987-ல் 57,379. அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் கிடைத்த விளைவு இது.

வந்தவர்களுக்கு உள்ளே நெருக்கடி கூடியது: வேலை செய்யத் தடை, பொது விடுதியில் கட்டாயத் தங்கல், ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக் கட்டுப்பாடு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபடி மீட்கப்பட்ட 155 தமிழர்கள், ஜெர்மனியிலிருந்து கப்பல் ஏறியவர்கள்தான். இந்த நெருக்கடியைச் சொல்லாமல் அந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

உங்கள் பெற்றோர் தலைமுறையின் வழக்குகள் ஜெர்மன் சட்டத்திலும் அழியாத தடம் பதித்திருக்கின்றன. உள்நாட்டுப் போரில் அரசு எடுக்கும் நடவடிக்கை எப்போது அரசியல் துன்புறுத்தலாகும், சொந்த நாட்டின் வேறு பகுதியில் பாதுகாப்பாக வாழ வழி இருந்தால் தஞ்ச உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படையாக இன்றும் மேற்கோள் காட்டப்படுவது, 1989 ஜூலை 10 அன்று தமிழர் வழக்குகளில் அரசியல் சட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பு.

பெரிய மாற்றம் பிறகு வந்தது. 1992-ல் கோரிக்கைகள் 4,38,191 ஆயின. “அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்ச உரிமை உண்டு” என்று 1949 முதல் நிபந்தனை இல்லாமல் இருந்த வரியை, கட்சிகள் கூடிப் பேசி, 1993-ல் 16அ பிரிவாக மாற்றின. பாதுகாப்பான மூன்றாம் நாடு வழியாக வந்தவர் அந்த உரிமையைக் கோர முடியாது. ஜெர்மனியைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளும் அந்தப் பட்டியலில் வருவதால், தரைவழி வருபவருக்கு உரிமை தாளில் மட்டுமே மிஞ்சியது.

1973-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பை நிறுத்திய பிறகும் வெளிநாட்டவர் எண்ணிக்கை கூடியது ஏன்?
– வாசகர், சென்னை

நிறுத்தியதால்தான் கூடியது. 1955-ல் இத்தாலியோடு தொடங்கி, 1961-ல் துருக்கி, 1968-ல் யூகோஸ்லாவியா வரை ஒப்பந்தம் போட்டு ஆட்களை எடுத்தார்கள். வந்தவர் இரண்டு ஆண்டில் திரும்பிப் போவார், புதியவர் வருவார் என்பது திட்டம். பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மறுபடி வேலை கற்றுத்தர முதலாளிகள் விரும்பவில்லை. துருக்கி ஒப்பந்தத்தின் இரண்டாண்டு வரம்பை 1964-லேயே நீக்கினார்கள். ஆனாலும் பலர் சில ஆண்டு உழைத்து ஊர் திரும்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தேவைப்பட்டால் மறுபடி வரலாமே.

1973 நவம்பர் 23 அன்று எண்ணெய் நெருக்கடியின் நடுவில் கதவு மூடியது. இனி ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. எனவே இருப்பவர்கள் தங்கிவிட்டு மனைவி, பிள்ளைகளை வரவழைத்தார்கள். 1975 முதல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழந்தைப் படியைக் குறைத்தது அரசு. அதுவும் பிள்ளைகளை அழைத்துவரத் தூண்டியது. 1983-ல் திரும்பிப் போகும் தொழிலாளிக்கு 10,500 மார்க், பிள்ளை ஒன்றுக்கு 1,500 மார்க் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை.

வாய்ப்பு அட்டையில் ஜெர்மனி போக நினைக்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுவதாகச் சொல்கிறார்களே, எதைக் கவனிக்க வேண்டும்?
– பொறியாளர், கோயம்புத்தூர்

வாய்ப்பு அட்டை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை தங்கலாம். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். அடிப்படைத் தகுதி, படித்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டம் அல்லது குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி. மொழித் தேர்ச்சி, ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) அல்லது ஆங்கிலம் பி2 (மேல்நடு நிலை). அதற்கு மேல் ஆறு புள்ளிகள். 35 வயதுக்குள் என்றால் 2, கடைசி ஏழு ஆண்டில் ஐந்தாண்டு அனுபவம் என்றால் 3, ஜெர்மன் பி1-க்கு 2, பி2-க்கு 3, ஆள் பற்றாக்குறையுள்ள தொழிலுக்கு 1. முடக்கு வைப்புக் கணக்கில் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோ காட்ட வேண்டும். இந்தத் தொகை மாறக்கூடியது. பணம் போடும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் பட்டம். அனாபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்துக்கு எச்-பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) குறி இருக்க வேண்டும், உங்கள் பட்டமும் ஜெர்மன் பட்டத்துக்கு ஒப்பானதாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடி ஏமாறுகிறார்கள்; பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் ஒப்பீட்டுச் சான்று தனியாக வாங்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் சான்று (படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விதி எந்தத் திசையில் போகிறது என்று கேட்டால், ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகிறது. படித்துவருபவர்களுக்குக் கதவு அகலமாகியிருக்கிறது: 2024-ல் இந்தியர்களுக்கான திறன் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக அரசு சொன்னது. தஞ்சம் தேடி வருபவர்களுக்கு இறுகுகிறது: துணைநிலைப் பாதுகாப்பு (முழு அகதித் தகுதிக்கு ஒரு படி கீழானது) பெற்றவர்கள் குடும்பத்தை அழைப்பதை 2025 ஜூலையிலிருந்து இரண்டாண்டுக்கு நிறுத்தினார்கள்.

குடியுரிமைக்கு 2024 ஜூன் 27 முதல் எட்டு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு வசித்தால் போதும். இரட்டைக் குடியுரிமையும் சரி. சிறப்பாக ஒன்றிணைந்தவர்களுக்கு மூன்று ஆண்டு என்ற குறுக்குவழியை 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்களுக்கும் அந்த வழி போனது. விண்ணப்பித்த நாளின் விதி உங்களைக் காக்கும் என்று நம்பி வீடு, வேலை முடிவுகளை எடுக்காதீர்கள். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமை தந்தாலும் இந்தியா தராது: ஜெர்மன் குடிமகனான நிமிடம் இந்தியக் குடியுரிமை போய்விடும், கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், பிறகு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கானது) வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல நிலையில் இருந்த அணு உலைகளை ஏன் மூடினார்கள்? மறுபடி திறக்க முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டு முறை முடிவெடுத்து, ஒரு முறை திரும்பிப் போய், அந்தத் திரும்பலுக்கு விலையும் கொடுத்த கதை இது.

2002-ல் ஷ்ரோடரின் சமூக ஜனநாயக – பசுமைக் கூட்டணி சட்டம் போட்டது. புதிய உலைக்கு உரிமம் இல்லை. இருக்கும் உலைகளுக்குத் தேதி குறிக்காமல் மின்சாரத்தில் பங்கு கொடுத்தார்கள்: 2000-த்திலிருந்து எண்ணி மொத்தம் 2,623 டெராவாட் மணி, அதாவது 2,62,300 கோடி யூனிட். ஓர் உலை தன் பங்கை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். நிறுவனங்களோடு பேசி ஒப்பந்தமாக முடித்ததால் இழப்பீடு கேட்டு யாரும் நீதிமன்றம் போகவில்லை. எங்கள் பார்வையில் இந்தக் கதையின் முடிவுகளில் இதுவே சீராகச் செய்யப்பட்டது.

2010 இறுதியில் மெர்கலின் அரசு ஆயுளை நீட்டியது: பழைய 7 உலைகளுக்கு 8 ஆண்டு, புதிய 10-க்கு 14 ஆண்டு. கூடவே எரிபொருளுக்கு கிராமுக்கு 145 யூரோ வரி. சில மாதங்களில், 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமா. மூன்று நாளில் பழைய உலைகளை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். ஜூன் 30 அன்று புண்டஸ்டாக் வாக்களித்தது. 8 உலைகள் உடனே மூடின, மற்ற 9-க்கு 2022 இறுதிவரை படிப்படியாகத் தேதி. நீட்டிப்பை நம்பி முதலீடு செய்தவர்களுக்கும் 2002-ல் தந்த பங்கை இழந்தவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று 2016-ல் நீதிமன்றம் சொன்னது. 2021-ல் நான்கு நிறுவனங்களுக்குச் சுமார் 240 கோடி யூரோ. எரிபொருள் வரியும் செல்லாது என்று 2017-ல் தீர்ப்பு வந்து, வசூலித்த 600 கோடிக்கு மேற்பட்ட யூரோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவசரமாக மாறி, மறுபடி அவசரமாக மாறியதற்கு மக்கள் கட்டிய விலை இது.

கடைசி மூன்று உலைகள் – இசார் 2, எம்ஸ்லாண்ட், நெக்கார்வெஸ்ட்ஹைம் 2 – சேர்ந்து சுமார் 4,000 மெகாவாட். எரிவாயு நெருக்கடியில் ஷோல்ஸ் தன் சான்சலர் அதிகாரத்தைப் பயன்படுத்தி 2023 ஏப்ரல் 15 வரை ஓடவிட்டார். அதற்கு மேல் ஏன் முடியவில்லை? புதிய எரிபொருள் கட்டு யாரும் கேட்டிருக்கவில்லை. உலைக்கேற்ப வடிவமைத்து வர ஓராண்டுக்கு மேல் ஆகும். பழைய எரிபொருளையே இழுத்து ஓட்டினால் திறன் நாளுக்கு நாள் இறங்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய முழுப் பாதுகாப்பு ஆய்வை, எப்படியும் மூடப்போகிறோம் என்று 2019-ல் விட்டுவிட்டார்கள்.

இப்போது திறப்பது இன்னும் கடினம். மின் உற்பத்தி உரிமம் சட்டப்படி முடிந்துவிட்டது, ஆகவே முதலில் சட்டத் திருத்தம். பிரிக்கும் பணிக்கு உரிமம் வாங்கி, முதன்மைக் குளிர்விப்புச் சுற்றை அமிலத்தால் கழுவி, பாகங்களை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். உலையை இயக்க உரிமம் பெற்ற ஊழியர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கிராஃபென்ரைன்ஃபெல்ட் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களை 2024-லும், குண்ட்ரெம்மிங்கனுடையதை 2025-லும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிறுவனங்களே வேண்டாம் என்கின்றன.

ரஷ்ய எரிவாயுவை அவ்வளவு நம்பியிருந்தது அறியாமையா?
– வாசகர், சேலம்

அறியாமை அல்ல. 1970 பிப்ரவரியில் குழாய் கொடுத்து வாயு வாங்கும் ஒப்பந்தம். 1973 முதல் வாயு வந்தது. பனிப்போர் உச்சத்திலும் தொடர்ந்து வந்ததால் நம்பிக்கை வேரூன்றியது. பால்டிக் கடலடிக் குழாயான நார்ட் ஸ்ட்ரீம் 1 ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர் கொண்டுவரக்கூடியதாக இருந்தது. போருக்கு முன் இறக்குமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து. எங்களால் மன்னிக்க முடியாதது வேறு: கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட மறு ஆண்டே, 2015-ல், நாட்டின் மிகப்பெரிய வாயுச் சேமிப்பிடமான ரேடன் சொத்துப் பரிமாற்றத்தில் ரஷ்ய அரசு வாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைக்குப் போனது. அரசு தடுக்கவில்லை. 2021 குளிர்காலத்தில் அது கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. குறைந்தபட்சம் இவ்வளவு நிரப்ப வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை.

2022 ஏப்ரல் இறுதியில் அந்தச் சட்டம் வந்தது: அக்டோபர் 1-க்குள் 80 சதவீதம், நவம்பர் 1-க்குள் 90, பிப்ரவரி 1-ல் 40. (2025-ல் இதைத் தளர்த்தினார்கள்.) திரவ எரிவாயு முனையங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வையும் ஆட்சேபக் காலத்தையும் சுருக்கி இன்னொரு சட்டம் ஜூனில். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் முதல் முனையம் டிசம்பர் 17 அன்று திறந்தது. கரையில் தொட்டி கட்டாமல், திரவத்தை வாயுவாக்கும் கருவியோடு வந்த கப்பலை வாடகைக்கு எடுத்து நிறுத்தியதால்தான் அந்த வேகம். துறைமுகத் தளமும் 26 கிலோமீட்டர் குழாயும் மட்டுமே புதிதாகப் போட்டார்கள்.

ஒரு விதி உண்மையிலேயே மாறிவிட்டதா என்று நாங்களே சரிபார்க்க வழி உண்டா?
– ஆசிரியர், புதுச்சேரி

உண்டு. ஜெர்மனியின் மத்திய அரசிதழ் 2023 ஜனவரி 1 முதல் இணையத்தில் மட்டுமே வெளியாகிறது, இலவசம். கூட்டணி ஒப்பந்தம், அமைச்சரவை முடிவு, புண்டஸ்டாக் வாக்கு எதுவும் அரசிதழில் ஏறும் வரை சட்டம் அல்ல. ஏறியதும் சட்டத்தின் கடைசிப் பிரிவை முதலில் படியுங்கள். எந்தப் பகுதி எந்தத் தேதியில் அமலாகும் என்று அங்கேதான் இருக்கும். 2023-ன் திறன் குடியேற்றச் சட்டம் ஒரே சட்டமாக இருந்தும் 2023 நவம்பர், 2024 மார்ச், 2024 ஜூன் என்று மூன்று தவணைகளில் அமலானது. பணம் சம்பந்தப்பட்டது என்றால் அந்த ஆண்டின் வரவுசெலவுச் சட்டத்தில் அதற்குத் தலைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மொழிபெயர்ப்புக் கருவி போதும், முகவர் தேவையில்லை.